காது கேளாத ரஸிகர்

படம் பார்த்துவிட்டு வருகிற ஒருவரிடம், "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "பாட்டு பிரமாதம்!" என்பார், இல்லாவிட்டால், "வசனம் அபாரம்!" என்பார். "காமிராவைச் சரியான இடத்தில் வைத்திருந்தார்கள்" என்று சொன்னவரை நான் அதிகம் சந்தித்ததில்லை. இதில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. 1931-ஆம் வருஷம் 'காளிதாஸ்' வெளிவந்த நாள் முதலாகவே நம்மவர்கள் சினிமாவைக் கேட்பதற்காகத்தான் கொட்டகைக்குப் போனார்கள். நாடக மேடையிலிருந்த பாட்டும் பேச்சும் அப்படியே மூட்டை முடிச்சுடன் திரைக்குக் குடியேறின. 'பேசும் படம்' என்று நாம் வைத்த பெயரிலேயே பேச்சு முன்னால் நிற்கிறது. படம் பின்னால் நிற்கிறது.

இந்தப் பொது விதிக்கு ஒரு விலக்கு எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அவர் என் தமையனார்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் அவர் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். எங்கள் வீடு திருவள்ளூரில். இரண்டும் ஒரே ஜில்லாதான். ஆனால் ரயிலில் போவதென்றால் கிழக்கே சென்னைப் பக்கம் போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு வண்டி பிடித்து, மறுபடியும் வடக்கே போகவேண்டும். பகல் ஷிப்டு, இராத்திரி ஷிப்டு என்று மாறி மாறி அந்தப் பயணத்தை அவர் செய்து வந்தார். பழுக்கக் காய்ந்த இரும்பு உருளைகளுக்கிடையே நுழைந்து ஓடும்போதும், துண்டு துண்டாக வெட்டப்படும்போதும் எழும் ஓசை இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் இடி முழக்கம் தாலாட்டு என்றே சொல்லலாம். காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சைத் தவிர வேறொன்றும் அங்கே கொடுக்கவில்லை.

பேரோசையினால் காது ஒரே நாளில் போய்விடுவதில்லை. செவியின் உள்ளே மயிரிழை போன்ற நுண்ணிய அணுக்கள் இருக்கின்றன. ஓயாத சத்தத்தில் அவை சிறிது சிறிதாக மடிகின்றன. மடிந்தவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் மறைவது உயர்ந்த சுருதி. குருவியின் குரல், குழந்தையின் மழலை, பெண்களின் பேச்சு இவையெல்லாம் முன்னால் மங்கும். எங்கள் வீட்டிலேயே கீச்சுக் குரல் என்னுடையதுதான். ஆகவே அண்ணாவுக்கு முதன்முதலில் கேட்காமற்போனது தங்கையின் குரல்.

காதில் பொருத்திக்கொள்ளும் கருவி ஒன்று இருக்கிறது. ஒருவர் மட்டும் எதிரே உட்கார்ந்து பேசினால் அது உதவும். நாலு பேர் பேசும் இடத்தில் எல்லாச் சத்தமும் கலந்து சந்தை இரைச்சலாகிவிடுமாம். அதனால் டெலிவிஷனில் படம் பார்க்கும்போது அவர் அதைக் கழற்றி வைத்துவிடுவார். வசனம் இல்லை, பாட்டு இல்லை, பின்னணி வாத்தியம் இல்லை. ஆனாலும் எந்தப் பாத்திரம் யாரை நேசிக்கிறது, யாருக்கு யார்மேல் கோபம் என்பதில் அவர் தவறியதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை 'முள்ளும் மலரும்' பார்த்தோம். உமாசந்திரன் எழுதிய நாவலைத் தழுவி மகேந்திரன் டைரக்ட் செய்து 1978-இல் வெளிவந்த படம். காமிராவைக் கையாண்டவர் பாலு மகேந்திரா. காளி என்னும் முரட்டு அண்ணனாக ரஜினிகாந்தும், வள்ளி என்னும் தங்கையாக ஷோபாவும் நடித்தார்கள். படத்தில் பேச்சுக் குறைவாக இருக்கிறதே என்று தயாரிப்பாளரே கவலைப்பட்டதாக மகேந்திரன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எங்கள் தமையனாருக்கு அந்தக் கவலை கிடையாது!

படத்தின் முடிவு வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். அண்ணனுக்குப் பிடிக்காத இஞ்ஜினீயரை மணப்பதற்காக வள்ளி கூட்டத்தோடு போகிறாள். சாலையில் காளி தனியாக நிற்கிறான். போனவள் திரும்பி ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு அவனே அவளை அழைத்துக்கொண்டு போய் ஒப்படைக்கிறான்.

"வார்த்தை ஒன்றும் காதில் விழாமல் உனக்கு எப்படி அண்ணா இவ்வளவும் புரிகிறது?" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன்.

"நடுவில் இருக்கிற இடத்தைப் பார்" என்றார் அவர்.

அன்று முதல் நான் அந்த 'நடுவில் இருக்கிற இடத்தை'ப் பார்க்கப் பழகினேன். பார்க்கப் பார்க்க அது ஒரு தனிப் பாஷையாகவே எனக்குப் பட்டது. இரண்டு பேரை ஒரே சட்டத்துக்குள் சேர்த்துக் காட்டினால், அவர்கள் சண்டை போட்டாலும் உறவு அறுந்துவிடவில்லை என்று மனம் நம்புகிறது. அவர்களையே தனித்தனியாக வெட்டி வெட்டிக் காட்டினால், ஒரே பாயில் உட்கார்ந்திருந்தாலும் இடையில் சுவர் எழும்பிவிடுகிறது. காமிரா விலகிப் போய், பரந்த வெளியில் ஒருவனைச் சிற்றுருவாய் நிறுத்தினால், 'இவனுக்கு யாருமில்லை' என்று அந்த வெளியே சொல்லிவிடுகிறது. நெருங்கி வந்து முகத்தை மட்டும் காட்டினால், அவன் பிறரிடம் மறைப்பதை நம்மிடம் ஒப்புக்கொள்கிறான். கீழேயிருந்து நோக்கினால் ஆள் ஓங்குகிறான். மேலேயிருந்து நோக்கினால் ஒடுங்குகிறான். கண் மட்டத்தில் நோக்கினால் நம்மில் ஒருவனாகிறான்.

ஒரு 'ஷாட்'டின் பொருள் அதற்குள்ளேயே முடிந்துவிடுவதில்லை என்பதும் உண்மை. 1920-ஐ ஒட்டிய வருஷங்களில் ருஷ்யாவில் குலெஷோவ் என்பவர் ஒரு சோதனை செய்தார். மோஸ்ஜூகின் என்ற நடிகரின் சலனமற்ற முகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனுடன் ஒரு கிண்ணம் சூப்பையும், ஒரு சவப்பெட்டியையும், ஒரு பெண்ணையும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். முகம் ஒன்றேதான். ஆனால் பார்த்தவர்கள் அதில் பசியையும், துயரத்தையும், ஆசையையும் கண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. உணர்ச்சியில் பாதி நடிகருடையது. மீதியைப் பார்க்கிற நாமே கொண்டு போகிறோம்.

தமிழ் தெரியாத ஒருவர் நமக்குச் சிறந்த தமிழ்ப் படங்களை எடுத்துத் தந்த விந்தையும் இதனால்தான் சாத்தியமாயிற்று. எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர். 1936-இல் 'சதி லீலாவதி', 1940-இல் 'சகுந்தலை', 1945-இல் 'மீரா' இவையெல்லாம் அவர் டைரக்ட் செய்தவை. 'மீரா'வுக்காக எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் முகத்தைப் பதுமையாக வார்த்து, பல பக்கங்களிலிருந்தும் விளக்கொளி பாய்ச்சி, எந்தக் கோணத்தில் எந்த பாவம் துலங்குகிறது என்று முன்கூட்டியே சோதித்துப் பார்த்தார்களாம். பாஷை புரியாதவருக்குக் கண்தானே காது!

இந்நாளில் கைக்குள் அடங்கும் போனிலும் படம் பார்க்கிறோம். சின்னத் திரையில் தூரத்து உருவம் தெரியாது என்பதாலோ என்னவோ, எப்போதும் முகம், முகம், முகந்தான். எல்லாக் கறியிலும் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாற் போலிருக்கிறது. தூரத்தை அறிந்தவர்களுக்குத்தானே அருகின் அருமை தெரியும்?

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. காளி ஒரு கையை இழக்கிறான். அதைக் காமிரா காட்டிவிடலாம். பார்த்தவுடன் உலகம் இரங்கும். காதை இழந்தவனை எப்படிக் காட்டுவது? அவன் பார்வைக்கு எல்லாரையும் போலத்தானே இருக்கிறான்? இதையும் காகிதத்தில் எழுதி நீட்டினேன்.

அண்ணா அதை இரண்டு தரம் படித்தார். பிறகு சொன்னார்: "கல்யாணப் பந்தியைக் காட்டு. யாரோ வேடிக்கை சொல்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். அப்புறம் காமிராவைக் கிட்டே கொண்டு வந்து, கடைசியில் சிரிக்கிறவன் முகத்தை மட்டும் காட்டு. போதும்."

அப்படி ஒரு 'ஷாட்'டை இதுவரை யாராவது எடுத்திருக்கிறார்களோ என்னவோ, நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் குழந்தைகள் அன்றைக்கு அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். இப்போதெல்லாம் அவர்கள் வேடிக்கை ஏதாவது சொல்ல வேண்டுமானால், அடுக்களையிலிருந்தோ முதுகுப் பக்கத்திலிருந்தோ சொல்வதில்லை. மாமாவின் எதிரே, முகத்தில் வெளிச்சம் விழும்படி வந்து நின்றுகொண்டு, உதடு தெரிய நிதானமாகச் சொல்கிறார்கள். சில நாட்களில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் சிரிக்கிறார்.