கரையில் ஒரு பலகை

கிழக்கு டெக்சாஸ்
தை மாதம்

அன்புள்ள மாமா,

"அந்தக் குளிர்ல மீனு வாயத் தொறக்குமா மாப்ள?" என்று போன வாரம் போனில் கேட்டீர்கள். திறக்கும். ஆனால் நம் பக்கம் ஐப்பசியில் புதுத்தண்ணி வந்ததும் மீன் வெறிபிடித்துக் கடிக்குமே, அந்த வேகம் இங்கே தையில் கிடையாது. மீனுக்குத் தனியாக உடம்புச் சூடு இல்லை. தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தப்படும், பசி குறையும், இரையைத் துரத்தாது. ஆழத்தில் கூட்டமாக ஒதுங்கி நிற்கும். அது நிற்கும் இடம் தெரிந்தவனுக்குத்தான் குளிர்கால மீன்.

இங்கே லேக் ஃபோர்க் என்று ஒரு பெரிய ஏரி. 1980-ல் அணை கட்டி முடித்தபோது உள்ளே இருந்த காட்டில் பெரும்பகுதியை வெட்டாமல் அப்படியே மூழ்கவிட்டார்கள். அந்தப் பட்ட மரங்களுக்கு நடுவிலும் பாலத் தூண்களை ஒட்டியும் கிராப்பி என்ற மீன் குளிரில் அடுக்கடுக்காக நிற்கிறது. ஜிலேபிக் கெண்டை மாதிரித் தட்டையான உடம்பு, மேலெல்லாம் கரும்புள்ளி, வாய் மட்டும் காகிதம் போல மெல்லியது. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். கண் மேல்நோக்கிப் பார்ப்பதால் இரையை அதன் தலைக்கு மேலே நிறுத்த வேண்டும், கீழே போனால் கவனிக்காது. கடித்தால் தக்கை அமுங்காது. மேலே வந்து கவ்வுவதால் நரம்பு திடீரென்று தொய்ந்துபோகும். அந்தத் தொய்வைக் கை உணர்வதற்கே எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

இந்த மீனுக்கு இந்த ஏரியில் வைத்த ஒரு விதி என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. மற்ற மாதங்களில் பத்து அங்குலத்துக்குக் குறைந்த கிராப்பியைத் திரும்ப விட்டுவிட வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய நேர்மாறு: பொடியோ பெரிதோ, பிடித்த எதையும் தண்ணீரில் போடக் கூடாது. இருபத்தைந்து சேர்ந்ததும் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். காரணம் மீனின் வயிற்றில் இருக்கும் காற்றுப்பை. ஆழத்திலிருந்து சட்டென்று தூக்கினால் அது உப்பி, இரைப்பையை வாய்வழியே தள்ளிவிடும். அந்த மீனைத் திரும்ப விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. "சின்னதை விட்டுவிடு" என்பது எங்கும் நல்ல விதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மீனின் உடம்பைப் பார்த்து, ஒரே ஏரியில் பருவத்துக்குப் பருவம் விதியை மாற்றி எழுதியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பாஸ் நம் விராலின் வேலையைச் செய்யும் மீன். வேர்க்கட்டையோரம் பதுங்கியிருந்து பாய்ந்து விழுங்கும். குஞ்சுகளைக் காவல் காக்கும். டெக்சாஸின் மிகப் பெரிய பாஸ், எட்டேகால் கிலோ, 1992 ஜனவரியில் இதே ஏரியில்தான் விழுந்தது, அதுவும் கிராப்பிக்குப் போட்ட பொடிமீன் இரையில். ஜனவரி முதல் மார்ச் வரை பதின்மூன்று பவுண்டுக்கு மேல் பாஸ் பிடித்தால் அரசின் மீன் பண்ணைக்கு உயிரோடு கொடுக்கலாம். சினைக்கு வைத்து அதன் குஞ்சுகளை ஏரிகளில் விடுகிறார்கள். 1986-லிருந்து நடக்கிற காரியம் இது. நம் பக்கம் செம்பந்தாகத் திரளும் விரால் குஞ்சுகளைக் கண்டால், கீழே தாய் நிற்கிறது என்று அங்கேயே தூண்டிலைப் போடுகிறோம். தாய் போனால் அந்தக் குஞ்சுகளில் எத்தனை மிஞ்சும் மாமா?

கெளுத்திகளில் நீலக் கெளுத்தியைக் குளிர் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அதற்கு இதுதான் பருவம் என்றே சொல்லலாம். ஷாட் என்ற மத்தி இனப் பொடிமீன் குளிர் தாங்காமல் செத்து விழும். நீலக் கெளுத்திகள் அதன் அடியில் வந்து கூடும். 2004 ஜனவரியில் டெக்சோமா ஏரியில் ஒருவர் கரையிலிருந்து பிடித்தது ஐம்பத்தைந்து கிலோ. அப்படிப் பெரியதெல்லாம் எனக்கு வேண்டாம். மூன்று கிலோ கெளுத்தி கிடைத்தால் புளியும் பூண்டும் போட்டு அத்தை வைக்கும் குழம்பை வைத்துவிடுவேன்.

விரால் அங்கே கிடைக்குமா என்று அத்தை கேட்டார்கள். உயிரோடு வைத்திருப்பதே இங்கே சட்டவிரோதம். 2002-ல் மேரிலாந்து மாநிலத்தின் கிராஃப்டனில், உடம்பு சரியில்லாத தங்கைக்கு சூப் வைக்க ஒருவர் வாங்கிய சீன விரால் இரண்டு, கடைசியில் குளத்தில் விடப்பட்டுக் குஞ்சு பொரித்துவிட்டன. உள்ளூர் மீனையெல்லாம் தின்றுவிடும் என்று குளத்துக்கே மருந்தடித்தார்கள். நோயாளிக்கு விரால் கொடுக்கும் பழக்கம் அத்தனை தொலைவிலும் இருப்பதைப் படித்து நெஞ்சு கனத்தது. ஆனால் தடை சரியானதே. 2000-இல் நம் அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் ஏரிகளில் என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

இத்தனையும் எழுதுவது ஒரு விஷயத்துக்காக. இங்கே கேடோ ஏரி என்று ஒன்று இருக்கிறது. அங்கே பாஸ் பிடிக்கத் தடையில்லை, தின்னத்தான் எச்சரிக்கை. மீன் சதையில் பாதரசம் இருப்பதை அளந்து மாநில சுகாதாரத் துறை 1995-ல் அறிவித்தது. பெரியவர்கள் மாதத்துக்கு எத்தனை வேளை, பிள்ளைகள் எவ்வளவு என்பதுவரை சொல்லியிருக்கிறார்கள். நிலக்கரிப் புகையில் போகும் பாதரசம் மழையோடு இறங்கி, சேற்று நுண்ணுயிர்களால் கொடிய நஞ்சாக மாறி, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறுகிறது. மற்ற மீனைத் தின்று வளரும் மீனில்தான் அதிகம் சேரும். சதையில் ஊறியது, கழுவினாலும் பொரித்தாலும் போகாது.

இதை நம் ஊர் குடிகாட்டுக்கு வைத்துப் பாருங்கள். சிப்காட் தொழிற்பேட்டை வந்து நாற்பது வருஷம் ஆகிறது. நீதியரசர் கனகராஜ் தலைமையில் மக்கள் தீர்ப்பாயம் நம் ஊர்களுக்கு வந்து அதன் மாசைப் பற்றி விசாரித்து 2003-ல் அறிக்கை கொடுத்தது. 2004-ல் நம் ஆட்களே வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து சோதனைச்சாலைக்கு அனுப்பி, அதில் என்னென்ன ரசாயனம் இருக்கிறது என்று ஊருக்குச் சொன்னார்கள். காற்றுக்கு அதைச் செய்த ஊரில் மீனுக்குக் கரையில் ஓர் எச்சரிக்கைப் பலகைகூட நான் பார்த்ததில்லை. உப்பனாற்றில் மீன் செத்து மிதந்தால் அன்றைக்குப் பத்திரிகையில் வரும். சாகாத மீனில் என்ன இருக்கிறது என்று யாரும் கரைக்கு வந்து சொல்வதில்லை. அளந்தவர்கள் இல்லாமல் இல்லை. உப்பனாற்று வண்டலிலும் மீனிலும் உலோகங்களை அளந்து ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவை ஆங்கில ஆய்விதழ்களில் கிடக்கின்றன. பரங்கிப்பேட்டையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, நம்மிடமிருந்து ஒரு பஸ் தூரம்.

"பலகை வச்சா எங்க மீனை எவன் வாங்குவான்?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம். ஆனால் முதுநகரிலும் மஞ்சக்குப்பத்திலும் 'சிப்காட் பக்கத்து மீனா?' என்று இப்போதே முகம் சுளிக்கிறார்கள் என்று சொன்னது நீங்கள்தான். கேடோவில் எல்லா மீனையும் ஒதுக்கவில்லை. பாஸ் உள்ளிட்ட சிலவற்றை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். பெயர் சொல்லாத வரையில்தான் மடவையும் இறாலும் கொடுவாவும் எல்லாம் சேர்ந்து கெட்ட பெயர் வாங்குகின்றன. நஷ்டம் வந்தால் அதைக் கழிவை விட்டவர்கள் கொடுக்க வேண்டும், பிடித்தவன் தலையில் விழக் கூடாது. பலகை வந்தாலும் கழிவை நிறுத்தச் சொல்வதை விட்டுவிடக் கூடாது. கேடோவின் எச்சரிக்கை வெளிவந்து முப்பது வருஷம், பாதரசம் இன்னும் போகவில்லை.

மனு எழுதப் போவதாகச் சொன்னீர்கள். கலெக்டருக்கும் மீன்வளத் துறைக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். பெரிய கொடுவா, கெளுத்தி, மடவை, இறால், நண்டு என்று மீன் பெயரை நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதுங்கள். மழைத்தண்ணி வந்து உப்பு தணிந்திருக்கும் மார்கழியில் ஒரு முறை, ஆறு வற்றும் சித்திரையில் ஒரு முறை எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. பெருமாள் ஏரி விராலையும் சேர்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் எவ்வளவு தின்னலாம் என்ற வரி பெரிய எழுத்தில், தமிழில் வேண்டும். நகலை எனக்கு அனுப்புங்கள். கேடோ அறிவிப்பை நான் மொழிபெயர்த்து அடுத்த வாரம் அனுப்புகிறேன், மனுவோடு வைத்துக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்