பிடி சோறு

ஏழாயிரம்பண்ணையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டி, "என்ன வேலை?" என்று கேட்டாலும் விடை பெரும்பாலும் நெருப்பில் வந்து நிற்கும். ஒன்று தீப்பெட்டி, இன்றேல் பட்டாசு. வானம் பார்த்த கரிசல் பூமி; மழை பொய்த்தாலும் கூலி பொய்க்காத தொழில்கள் இவை. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த வரலாறு இப்பக்கத்துப் பள்ளிச் சிறுவனுக்கும் தெரியும். அதற்கு முன் நம் பாட்டிமாரின் அடுப்புகளை மூட்டியவை பெரும்பாலும் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்த தீப்பெட்டிகளே. அந்த ஜப்பானிலிருந்து நெருப்பே படாத ஓர் உணவு வந்திருக்கிறது. அதைச் சென்னையில் உண்ணும் வாய்ப்பு சென்ற தவக்காலத்திற்குச் சற்று முன்பு நமக்குக் கிட்டியது.

அழைத்தவன் நம் பங்கின் பிள்ளை. பெயர் வேண்டாம். 'அவன்' என்று எழுதுவதும் பழைய உரிமையால்தான். அந்த உணவகத்தில் எல்லாரும் அவனை மரியாதையாகவே விளிக்கின்றனர்.

இவ்வூருக்கு நாம் முதன்முறை வந்த காலத்தில் அவன் பீடச் சிறுவன். தந்தை பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை செய்தவர். ஒரு கோடைக் காலத்து முற்பகலில் அந்த அறை தீப்பற்றியது. பெட்டியைத் திறவாமலேயே அடக்கத் திருப்பலி நிறைவேற்றினோம். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. (2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று அருகிலுள்ள அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை வாசகர்கள் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். நாளிதழில் வராத ஒற்றை மரணங்கள் இங்கு அதற்கு முன்னும் இருந்தன, பின்னும் உண்டு.) தாய் பட்டாசுக்குத் திரி செருகினார். மகன் பள்ளி விட்டு வந்ததும் திண்ணையில் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டுவான். அவன் விரல்களின் வேகத்தைப் பார்ப்பதற்காகவே நாம் சில மாலைகளில் அவ்வழியே நடந்ததுண்டு.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அவனைக் குருமடத்தில் சேர்த்தோம். ஓராண்டில் திரும்பி வந்துவிட்டான். "அம்மா தனியா இருக்காங்க சாமி" என்றான். நமக்கு அது சாக்காகத் தோன்றியது. உண்மையைச் சொல்வதானால், ஒரு குருவை உருவாக்கினோம் என்னும் பெருமை கைநழுவிப் போனதில் வந்த கோபம் அது. ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்க அவனை அழைப்பதை நிறுத்தினோம். சில மாதங்கள் கழித்து, உணவகத் தொழில் படிக்க ஒரு நற்சான்று வேண்டுமென்று சக்ரீஸ்தியில் வந்து நின்றான். "திருக்கிண்ணம் ஏந்த வேண்டிய கை, கரண்டி பிடிக்கவா போகிறது?" என்றோம். நாலு பேர் இருந்தனர். அவன் தலைகுனிந்து நின்று, தாளை வாங்கிக்கொண்டு, தோத்திரம் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த ஆண்டு நமக்கு மாற்றலாயிற்று. அத்துடன் மறந்தோம் என்று சொல்ல ஆசை, ஆனால் மறக்கவில்லை.

இரண்டாம் முறையாக இதே பங்கிற்கு வந்தபோது அவன் தாய்தான் சொன்னார், மகன் சென்னையில் ஜப்பான்காரர் உணவகத்தில் இருக்கிறான் என்று. அவர் சொல்லித்தான் நாம் தலைநகருக்கு வரும் செய்தி அவனுக்குத் தெரிந்திருக்கிறது. "ஒருவேளை நம்ம கடையில சாப்பிடணும் சாமி" என்று தொலைபேசியில் அழைத்தான்.

திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கங்களில் ஜப்பானிய நிறுவனங்கள் பல உண்டு. ஒரகடத்தில் நிசானும் ரெனோவும் சேர்ந்து 2010-இல் கார் ஆலை திறந்தன. ஆலைகளோடு பொறியாளர்கள் வந்தனர். பொறியாளர்களோடு பசியும் வந்தது. அப்பசிக்கென நகரில் எழுந்த சிறு உணவகங்களில் ஒன்று இது. வெளியே பெயர்ப்பலகை கூடக் கண்ணை உறுத்தாது. வாசலில் பாதியளவு தொங்கும் துணித்திரை. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே நீண்ட ஒற்றை மரப்பலகை, அதன்முன் எட்டே இருக்கைகள். பலகைக்கு அப்பால் சமைப்பவர், இப்பால் உண்பவர். நடுவில் சுவரில்லை. உண்பவர் கண்ணெதிரே அவர் கை அசையும் ஒவ்வோர் அசைவும் தெரியும்.

தலைமைச் சமையற்காரர் அறுபது கடந்த ஜப்பானியர். நம்மை வணங்கி, சூடான ஈரத்துணி ஒன்றைக் கைதுடைக்கத் தந்தார். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. அங்கே ஒரு முறை உண்டு: 'ஒமகாசே' என்பார்கள், 'உங்கள் பொறுப்பில் விட்டுவிட்டேன்' என்று பொருள். உண்பவன் தேர்ந்தெடுப்பதில்லை, தருவதை வாங்கிக்கொள்கிறான். முதல் இரண்டைத் தந்துவிட்டுப் பெரியவர் ஒதுங்கி நின்றார். வெள்ளைத் தொப்பியணிந்த நம் பிள்ளை அவ்விடத்தில் வந்து நின்றான்.

சுஷி என்றதும் பலரும் பச்சை மீன் என்று நினைக்கின்றனர். நாமும் அப்படித்தான் நினைத்து, காலையிலிருந்தே வயிற்றைப் பற்றிய ஐயத்தோடு இருந்தோம். அப்பெயருக்கு உரியது உண்மையில் சோறுதான்: புளிக்காடியும் உப்பும் சர்க்கரையும் கலந்து, மரத்தொட்டியில் பரப்பி, விசிறியால் ஆற்றிய சோறு. தொடக்கத்தில் இது மீனைக் காப்பதற்கான வழி. உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைப்பர். பின் சோற்றை எறிந்துவிட்டு மீனை மட்டும் உண்பர். நாம் கருவாடு போட்டதைப் போல, பழைய சோறு ஊற வைத்ததைப் போல, இரண்டும் சேர்ந்த ஏழையின் சிக்கனம். இன்றைய கைப்பிடி சுஷி 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எதோ நகரில், அதாவது இன்றைய தோக்கியோவில், பிறந்தது. தெருவோரக் கடையில், வேலைக்குப் போகிறவன் நின்றபடியே இரண்டு வாயில் முடித்துவிட்டு நடந்த உணவு அது. இன்று அந்தப் பலகைமுன் ஒருவர் உண்ண ஆகும் தொகை, நம் ஊரில் ஒரு பெண்ணின் ஒரு வாரக் கூலிக்குக் குறையாது. விலைப்பட்டியலை நாம் பார்த்துவிட்டோம் என்பதை அவனும் பார்த்துவிட்டான். "சாமி, அத மூடி வைங்க" என்றான்.

இந்த இளைஞனை மூன்று ஆண்டுகள் சோற்றோடு மட்டுமே நிறுத்தி வைத்திருந்தாராம் பெரியவர். அரிசி களைவது, ஊறவைப்பது, வடிப்பது, ஆற்றுவது. மீனைத் தொட அனுமதியில்லை. குருமடத்தில் ஓராண்டு தாங்காதவன் இங்கே மூன்றாண்டு அரிசி களைந்தான் என்று கேட்டபோது, அழைத்தல் என்ற சொல்லை நாம் எவ்வளவு குறுக்கி வைத்திருந்தோம் என்று தோன்றியது.

அந்தச் சோற்றைச் சமையற்காரர்கள் தம் வழக்கில் 'ஷாரி' என்கின்றனர். பொருளைக் கேட்டோம். புத்தர் பெருமானின் எரியூட்டிய உடலிலிருந்து எடுத்துப் போற்றப்படும் திருப்பண்டங்களுக்கு அங்கே அப்பெயராம். வெண்மணிகள் போலிருப்பதால் சோற்றுக்கும் வந்ததாம். வடமொழிச் 'சரீரம்' பௌத்தத்தோடு சீனம் வழியாக நடந்து ஜப்பானுக்குப் போய் 'ஷாரி' ஆயிற்று. நம் முன்னோர் நற்கருணையைத் திருச்சரீரம் என்றே வழங்கினர். உடல் என்னும் சொல் பின்னால் வந்தது. சோற்றைச் சரீரம் என்று அழைக்கும் ஒரு பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைவே நம்மைச் சற்று நிமிர்த்தி உட்கார வைத்தது.

அவன் ஒவ்வொன்றாகத் தந்தான். இடக்கையில் சோற்றை எடுத்து, மீன் துண்டை அதன்மேல் வைத்து, வலக்கையின் இரு விரல்களால் ஒரு முறை, திருப்பி ஒரு முறை அழுத்தினான். 'நிகிரி' என்றால் பிடித்தல் என்றே பொருளாம். நம் வழக்கில் பிடி சோறு. சோறு கைச்சூட்டில் இருந்தது, மீன் குளிர்ந்திருந்தது. கணவாய் வந்தது, தூத்துக்குடிக் கரைக்குப் பழக்கமான சூரை வந்தது, நார்வே நாட்டுச் சால்மன் வந்தது. வயிற்றைக் கெடுக்காதா என்று மெல்லக் கேட்டோம். சால்மன் போன்ற மீன்களைச் சுழியத்திற்குக் கீழ் இருபது பாகையில் ஒரு வாரம் உறைய வைத்தால் புழுக்கள் மடிந்துவிடும் என்றும், சால்மனைப் பச்சையாக உண்ணும் பழக்கத்தையே ஜப்பானியருக்கு நார்வேக்காரர்கள் 1980-களில்தான் ஏற்படுத்தினார்கள் என்றும் சொன்னான். சோறு மேலே வந்துவிடாதபடி மீன்புறத்தை மட்டும் சோயாச் சாற்றில் தொட வேண்டும், கையாலேயே உண்ணலாம் என்றும் சொன்னான். கையால் உண்பதற்கு நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

சிறு வயதில் பாட்டி வட்டமாக எங்களை உட்கார வைத்து, குழம்புச் சோற்றை உருட்டி, ஒவ்வொரு கையிலும் ஒரு பிடி வைப்பார். யாருக்கு எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பின் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளாக, ஒருவர் தம் கையால் பிடித்து நம் கண்பார்த்துத் தந்து நாம் உண்டதில்லை. பங்கு மக்கள் விருந்து வைப்பர். ஆனால் அது தட்டில் வரும். சமைத்தவர் அடுக்களையிலேயே நின்றுவிடுவார். கொடுக்கிற இடத்தில் நிற்பதே நம் வாழ்க்கையாயிற்று. வாங்குவது இவ்வளவு கூச்சமான செயல் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

புனித சவேரியார் முத்துக்குளித்துறையில் நம் மக்களோடு கஞ்சி குடித்தவர். 1549-ஆம் ஆண்டு, அன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, ககோஷிமாவில் கரையிறங்கினார். அங்கிருந்து எழுதிய மடலில், இம்மக்கள் குறைவாக உண்கின்றனர், வளர்க்கும் விலங்கைக் கொல்வதில்லை, சோறும் கீரையும் எப்போதாவது மீனும் உண்டே நோயின்றி முதுமை காண்கின்றனர் என்று வியந்திருக்கிறார். 1614-இல் அந்நாடு முழுவதும் திருமறை தடை செய்யப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே குருக்களே இல்லை. 1865-ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று நாகசாக்கியின் ஊரா ஆலயத்தில் பெத்திஷான் அடிகளிடம் உரக்காமி மக்கள் சிலர் வந்து தங்கள் விசுவாசத்தை வெளிப்படுத்தும் வரை, அவர்கள் தாங்களே திருமுழுக்குக் கொடுத்தனர், தாங்களே செபித்தனர். இகிட்சுகித் தீவில் மறைந்து வாழ்ந்தவர்களின் வழிவந்தோர் தங்கள் வழிபாட்டு விருந்தில் வைத்தது அப்பமும் திராட்சை இரசமுமல்ல. அரிசி மதுவும் பச்சை மீனும். இறையியல் வகுப்பில் இதைத் திருவருட்சாதனத்தின் பொருள் பற்றிய வினாவாகப் படித்தோம். செல்லுமா, செல்லாதா என்று விவாதித்தோம். அந்தப் பலகை முன் அவ்வினா நமக்கு எழவில்லை. குரு இல்லாமலும் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு அது போய்க்கொண்டே இருந்திருக்கிறது என்பது மட்டும் நினைவில் நின்றது.

திபேரியாக் கரையில் ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துச் சீடரை உண்ண அழைத்த பகுதியை இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிரசங்கித்து வருகிறோம். அவர் பரிவைப் பற்றிப் பேசுவோம். இராயப்பர் அந்த மீனை எப்படி விழுங்கினார் என்று எண்ணிப் பார்த்ததில்லை. இன்னொரு கரிநெருப்பின் அருகில்தானே அவர் மறுதலித்தார்! கேள்விகள் பிறகுதான் வந்தன. முதலில் சாப்பாடு வந்தது.

இறுதியாக அவன் கருங்கடற்பாசித் தாளில் சோற்றையும் மீனையும் கூம்பாகச் சுருட்டினான். இதைத் தட்டில் வைப்பதில்லை. "கைய நீட்டுங்க சாமி" என்றான். நாம் நினையாமலே இடக்கையை வலக்கை மேல் வைத்து, உள்ளங்கையை விரித்து நீட்டிவிட்டோம். நற்கருணை வாங்கும் விதத்தில். அவன் ஒரு கணம் நின்றான். பின் வைத்தான்.

"அன்றைக்கு சக்ரீஸ்தியில் நாம் சொன்னது..." என்று தொடங்கினோம்.

"சாப்பிடுங்க சாமி, தாள் நமத்துப்போயிரும்" என்றான்.

நமத்துப்போவதைப் பற்றித் தீப்பெட்டி ஊரில் வளர்ந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டாம். சாப்பிட்டோம்.

தொகையை வாங்க மறுத்துவிட்டான். பெரியவரும் அவன் பக்கமே நின்றார். தெருமுனை வரை உடன் வந்தான். சமையற்கட்டிலும் அடுப்பு உண்டல்லவா, அங்கும் வேலை செய்வாயா என்று கேட்டோம். "அடுப்புப் பக்கம் நான் நிக்கிறதில்ல சாமி. பெரியவர்கிட்ட முதல் நாளே சொல்லிட்டேன்" என்றான். மேற்கொண்டு நாம் கேட்கவில்லை. ஆட்டோ ஏறும்போது, "அம்மாகிட்ட பச்சை மீனுன்னு மட்டும் சொல்லிராதீங்க, மனசு சங்கடப்படும்" என்றான்.

ஊர் திரும்பிய மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அவர் ஆலய வாசலிலேயே காத்திருந்தார். வேலைக்குப் போகும் அவசரம். தூக்குவாளி கையில் இருந்தது.

"எம் புள்ள என்ன சாமி ஆக்கிப் போட்டான்?"

"சோறும் மீனும், அம்மா."

"நல்லா வெந்திருந்துச்சா?"

"சோறு நன்றாக வெந்திருந்தது" என்றோம்.