ஐந்து குழாய்கள்

சென்னையில் கார் ஏ.சி. குளிரவில்லை என்றால் முதலில் எழும் கேள்வி, கேஸ் போட்டாயிற்றா என்பதுதான். இருந்த கேஸ் எங்கே போயிற்று என்று கேட்போர் அரிது. பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருளல்ல அது. மூடிய சுற்றுக்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிந்திருக்கிறது என்றே பொருள். ஆண்டுதோறும் கேஸ் போடுவதைக் கோடைக்கு முன் ஊறுகாய் போடுவதைப் போல ஒரு சடங்காக்கிக்கொண்ட ஊர் இது.

எங்கள் மாமாவின் வண்டி 1986ஆம் ஆண்டின் போர்ஷே 911 கரெரா. ஜெர்மனியில் வேலை பார்த்து ஊர் திரும்பியபோது, குடிபெயர்ந்து வருவோருக்கான சுங்க விதியின்கீழ்க் கப்பலில் கொண்டுவந்தார். ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதால் அடையாற்றில் பலருக்கு அந்த வண்டியைத் தெரியும். மாமாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. வெயில் ஆகாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வண்டியின் ஏ.சி.யோ பதினைந்து ஆண்டுகளாக ஊமை. 2024 ஏப்ரலில் ஒரு நாள், “உக்கார முடியாத வண்டி எதுக்குடா? வித்துடுங்க” என்றார். சொன்ன கையோடு கொட்டகைக்குப் போய் உறையை இழுத்து நேராக்கிவிட்டு வந்தார். தங்கை மக்களாகிய நாங்கள் மூவரும் அந்த இரண்டாவது செயலையே அவருடைய கருத்தாக எடுத்துக்கொண்டோம்.

இந்த வண்டியில் என்ஜின் பின்புறம். ஆகவே கம்ப்ரஸரும் பின்புறம். காற்றைக் குளிர்விக்கும் எவாபரேட்டரோ முன்புறம். கண்டென்சர் இரண்டு: ஒன்று என்ஜின் மூடியில், மற்றொன்று முன் பம்பருக்குக் கீழே. மற்ற கார்களில் பானெட்டுக்குள்ளேயே முடிந்துவிடும் பயணத்தை இங்கே வாயு வண்டியின் நீளம் முழுதும் போய்வந்து முடிக்க வேண்டும். அதற்காக ஐந்து ரப்பர் ஹோஸ்கள். கழற்றித் தரையில் போட்டு அளந்தபோது முப்பது அடிக்குக் குறையவில்லை.

ஐந்திலும் ஓட்டை கிடையாது. எங்களுக்கு வியப்பளித்தது அதுதான். சோப்பு நீர் பூசினால் குமிழி எழவில்லை. வெடிப்பில்லை, எண்ணெய்க் கறையும் பெரிதாக இல்லை. அக்காலத்து ஹோஸ் வெறும் ரப்பரும் நூற்பின்னலும்தான். அதன் சுவர் வழியாகவே வாயு நாள்தோறும் இம்மியளவு வெளியேறும். அதைப் பழுது என்று சொல்ல முடியாது. ரப்பரின் இயல்பே அது. ஒரு முழம் ஹோஸில் தெரியாத இழப்பு முப்பது அடியில் கோடைக்குக் கோடை தெரிந்துவிடும்.

அப்படி வெளியேறியது ஆர்-12. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸுக்காக தாமஸ் மிட்ஜ்லியும் அவர் குழுவினரும் கண்டது, எரியாது, நஞ்சுமல்ல. அதன் குளோரின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் மொலீனாவும் ரோலண்டும் எழுதினார்கள். 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இந்தியா 1992இல் சேர்ந்தது. இது ஏதோ அயல்நாட்டுச் சமாச்சாரமன்று. இந்த வாயுவைத் தயாரித்த இந்திய நிறுவனங்களுள் ஒன்று நம் மேட்டூரில் இருந்த கெம்பிளாஸ்ட் சன்மார். காவிரிக்கரையில் உருளையில் அடைபட்டது அடையாற்றில் ரப்பர் வழியே வானம் ஏறியது. 2008இல் நாட்டில் உற்பத்தி நின்றது. மாமாவின் ஏ.சி.யும் அதையொட்டித்தான் மௌனமாயிற்று.

ஒரு கணக்கு. வண்டி கொள்ளும் அளவு ஏறத்தாழ 1.3 கிலோ. ஒரு கிலோ ஆர்-12 நூறாண்டுக் கணக்கில் பத்து டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமமாகப் புவியைச் சூடாக்கும். அதன் ஆயுளும் ஏறக்குறைய நூறாண்டு. ஆகவே 1993இன் கத்திரி வெயிலில் மாமாவைக் குளிர்வித்த வாயுவில் பெரும்பகுதி இன்னும் நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. மாமா அதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்போ எல்லாரும் போட்டாங்க” என்றார். உண்மைதான்.

நிற்க. மெக்கானிக் தி. நகரில் அம்பாசடர்களுக்கு ஏ.சி. பொருத்திக் கை பழகியவர். பழைய ஹோஸிலேயே புதிய ஆர்-134ஏவை ஏற்றிவிடலாம், மூன்று மாதம் ஓடும் என்று ஒருவர் எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார். இவர் அதைக் கேட்டுச் சிரித்தார். புதியதன் மூலக்கூறு இன்னும் சிறியது. பழைய ரப்பரில் அது தங்காது. உட்புறம் நைலான் படலமுள்ள ‘பேரியர்’ ஹோஸ்தான் வேண்டும். ஜி.பி. ரோட்டில் மூன்று கனத்தில் அது மீட்டர் கணக்கில் கிடைத்தது. முனைகளில் சிக்கல். ஜெர்மன் முனைகள் இங்கே கிடையா. “அசல் ஹோஸ்டா அது, அதையா வெட்டுவீங்க?” என்று மாமா கொதித்தார். மெக்கானிக் பொறுமையாக, “முனை உங்களோடதுதான் ஐயா, நடுவுல இருக்கிறதுதான் புதுசு” என்று சொல்லி, பழைய முனைகளை வெட்டி எடுத்து, புதிய ஹோஸுக்கேற்ற கழுத்துகளை அவற்றில் பற்றவைத்து, கிரிம்ப் செய்து தந்தார். பச்சை நிற ஓ-ரிங்குகள், புது ட்ரையர், கம்ப்ரஸருக்கு சீல், பழைய கனிம எண்ணெயைக் கழுவி எடுத்துவிட்டு எஸ்டர் எண்ணெய். ஹோஸ்களை வண்டிக்கு அடியில் கிளிப்புகளில் கோத்து இழுக்க ஒரு பகல் முழுதும் போயிற்று.

நைட்ரஜன் ஏற்றி ஓரிரவு வைத்தோம். முள் அசையவில்லை. பிறகு வாக்கம் பம்ப். அரை மணி போதும் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. மே மாதக் கடற்கரை ஊரில் காற்றே பாதி தண்ணீர். உள்ளே தங்கும் ஈரம் ட்ரையரைத் தின்றுவிடும் என்று இரண்டு மணி நேரம் ஓடவிட்டார். கேஸைக் கண்மதிப்பில் விடாமல் தராசில் உருளையை நிறுத்தி 1.1 கிலோ ஏற்றினார். ஆர்-134ஏவுக்குப் பழைய அளவில் எண்பது, எண்பத்தைந்து சதவீதம் போதும். தராசு வைத்த ஏ.சி. மெக்கானிக்கை நாங்கள் பார்த்தது அதுவே முதல்முறை. புதிய வாயுவும் புனிதமன்று. ஓசோனைத் தொடாது, ஆனால் புவியைச் சூடாக்கும். அதையும் குறைக்க 2016இல் கிகாலியில் முடிவாயிற்று. எனவே அதைக் கசியவிடாத ஹோஸே எங்களுக்கு முக்கியமாகப் பட்டது.

அந்த வெள்ளிக்கிழமை மாமாவை மந்தைவெளியில் பெரியம்மா வீட்டுக்கு அழைத்துப் போனோம். வெளியே 39 டிகிரி. திரு.வி.க. பாலத்தில் வேகமெடுத்தபோது ஏ.சி. வாயில் வைத்த வெப்பமானி 12 காட்டியது. பாலம் தாண்டி நெரிசலில் நின்றதும் 18க்கு ஏறிவிட்டது. “அம்பாசடர்ல இதைவிட நல்லா வரும்” என்றார் மாமா. விற்பது பற்றிப் பேசவில்லை.

2025 ஏப்ரலில் மெக்கானிக் தாமாகவே வந்து கேஜை மாட்டினார். போன ஆண்டு சீட்டில் குறித்து வைத்த அளவில்தான் முள் நின்றது. கண்ணாடியை விரலால் இருமுறை தட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றினார்.