இரவுச் சூடும் மிளகாய்ப் பூவும்

மிளகாய்க்கு வெயில் பிடிக்கும் என்று சொல்லித்தான் எல்லோரும் தொட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றுகிறார்கள். பாதிதான் உண்மை. பகல் 35 டிகிரியைத் தாண்டினாலே பல வகைகளில் பூ நிற்காது. அதைவிடக் கொடுமை, இரவு 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருப்பது. மகரந்தம் வீரியம் இழந்துவிடும். காம்பு பழுத்து, விடிந்து பார்த்தால் பூவெல்லாம் மண்ணில் கிடக்கும்.

எங்கள் மண்டகப்பட்டில் இதைப் புரிந்துகொள்ளப் பாறையைத் தொட்டுப் பார்த்தால் போதும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைந்த கோயில் இங்கேதான் இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டே அப்படிச் சொல்கிறது. சித்திரையில் பகலெல்லாம் காய்ந்த கருங்கல், இருட்டிய பிறகும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். நம் கான்கிரீட் மாடி செய்வதும் அதையேதான். புவி சூடாகும்போது இரவும் சூடாகிறது. நாம் மின்விசிறியைக் கூட்டிவைத்துத் தூங்கிவிடுவோம். செடி எங்கே போகும்?

ஆகவே என் செடிகள் வீட்டுக்குக் கிழக்கே, மண் தரையில், முருங்கை ஓரமாக நிற்கின்றன. காலை வெயில் விழும், உச்சிக்குப் பிறகு நிழல். தொட்டிமேல் மல்லாட்டைத் தோல் மூடாக்கு. பூ கொட்டுகிறதே என்று தண்ணீரை ஊற்றித் தள்ளக்கூடாது. தேமோர்க் கரைசல் தெளிப்பேன், உதவுகிறது. ஆனால் இரவுச் சூட்டுக்கு அது மருந்து என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன்.

மழையும் இப்போது பழைய மழை இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றதே, அப்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. மிளகாய் வேர் நீரில் நின்றால் மூச்சு முட்டும். தண்ணீர் வடிந்த பிறகும் வாடிய செடி நிமிராது, வேரழுகல் வந்துவிடும். தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வைப்பதும், மண்ணில் மணலைக் கூட்டுவதும் அதனால்தான்.

ஒரே பட்டத்தை நம்புவதையும் விட்டுவிட்டேன். ஆடியில் பாதி, தையில் பாதி. அக்னி நட்சத்திரத்திலும் உதிராமல் பிடித்த காய் ஆடிக்குள் பழுத்துவிடும். விதைக்கு அதைத்தான் எடுக்கிறேன். வீரிய ஒட்டு ரகத்தில் இது பலிக்காது, நாட்டு ரகம் வேண்டும். பக்கத்தில் குடமிளகாய் வைக்காதீர்கள், கலந்துவிடும்.