எங்க வீட்டு ரயிலும் எங்க அப்பா ரயிலும்

ஜெர்மனியில் இருக்கும் மச்சான் லீவுக்கு சங்கரன்கோவில் வந்தப்ப, என் பையனுக்கு ஒரு மாடல் ரயில் செட் வாங்கிட்டு வந்தான். ஒரு இன்ஜின், மூணு பெட்டி, துண்டு துண்டா மாட்டுற தண்டவாளம், ஒரு கன்ட்ரோலர். விலையை யூரோவில் சொன்னான். மனசுக்குள்ள ரூபாய்க்கு மாத்திப் பார்த்துட்டு, ரெண்டு நாள் பையனைத் தொடவே விடலை. நான்தான் ஓட்டினேன் :-)

பொம்மை ரயில்னு சொன்னா மச்சானுக்கு மூஞ்சி சுருங்கிடும். 'மாடல்'னு சொல்லணுமாம். 1:87 அளவு. அதாவது நிஜத்தில் 87 செ.மீ. இருந்தா இதில் 1 செ.மீ. அப்படியான்னு நானும் கால்குலேட்டரை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன். அங்க ஆரம்பிச்சுது கூத்து.

1) எடை: நம்ம பழைய டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜின் 112.8 டன். நீளம், அகலம், உயரம் மூணும் 87 மடங்கு சுருங்கினா, எடை 87ஐ மூணு தடவை பெருக்குற அளவுக்குச் சுருங்கணும். மிச்சம் நிக்கிறது 171 கிராம். டவுன் டிக்கடையில் கொடுக்கிற காபி டம்ளர் இதைவிட கனமா இருக்கும்.

2) வளைவு: செட்டில் வந்த வளைவின் ஆரம் 36 செ.மீ. நிஜ அளவுக்குக் கொண்டு போனா சுமார் 31 மீட்டர். நம்ம அகலப்பாதையில் 175 மீட்டருக்குக் கீழே வளைக்க விதி விடாது. அந்த விதிப்படி எங்க வீட்டில் வட்டம் போட்டா குறுக்களவு 4 மீட்டர். வண்டி ஹாலில் கிளம்பி அடுப்படி வழியா வரணும். வீட்டம்மா கிளியரன்ஸ் கொடுக்கலை.

3) வேகம்: பையன் கன்ட்ரோலரை முழுசாத் திருகினா செகண்டுக்கு ஒரு மீட்டர் ஓடுது. கணக்குப்படி மணிக்கு 313 கி.மீ. அந்த 31 மீட்டர் வளைவில்! உள்ள மனுஷன் இருந்தா என்ன ஆவான்னு யோசிக்கக் கூடாது.

4) தூரம்: விருதுநகர் - தென்காசி லைன் 1927ல் வந்தது. ஏறக்குறைய 120 கி.மீ. அதை 1:87ல் போட்டாலும் 1.4 கி.மீ. தண்டவாளம் வேணும், யூரோவில். எங்க வண்டியோ சங்கரன்கோவிலில் கிளம்பி மூணே செகண்டில் சங்கரன்கோவிலுக்கே வந்து சேருது. பொதிகையில் ராத்திரி ஏறிப் படுத்தா காலையில் சென்னைன்னு பழகின ஊருக்கு இது கொஞ்சம் ஏமாத்துதான்.

5) கூட்டம்: ஆடித்தபசு நேரத்தில் எங்க ஊர் பக்கம் வந்து பாருங்க, ஒத்தக்காலில் தபசு நிக்கிறது கோமதியம்மன் மட்டும் இல்லைன்னு பஸ்சுல ஏறினா தெரியும். இந்த ரயிலில் எல்லா சீட்டும் காலி. வெயிட்டிங் லிஸ்ட் இல்லாத ரயிலை ரயில்னே ஒத்துக்க மனசு வரலை.

(சுமை தூக்குற மாடல் ரயிலும் நாட்டில் ஒண்ணு உண்டு. குவாலியர் ஜெய்விலாஸ் அரண்மனையில் சாப்பாட்டு மேஜை மேல வெள்ளி ரயில். விருந்தாளிகளுக்கு மதுவும் சுருட்டும் சுமந்துக்கிட்டு மேஜையைச் சுத்தி வருமாம். நம்ம வீட்டு ரயிலில் ஒரு முறுக்கு வச்சாலே பெட்டி சாஞ்சுடுது.)

6) தடம் புரளுதல்: நிஜத்தில் இது நடந்தா கிரேன், விசாரணை, தலைப்புச் செய்தி. இங்க கையால தூக்கி வச்சா முடிஞ்சுது. இன்ஜினுக்கு சக்கர எண்ணிக்கையை வச்சு 2-8-2ன்னு பேர் சொல்லுவாங்க இல்லையா? அதே கணக்கில் மாடல் ரயில்காரங்க மனுஷன் கைக்கு வச்சிருக்கிற பேர் 0-5-0. அஞ்சு விரல்!

இந்த ஆறாவது விஷயம்தான் எங்களுக்குத் தலைவலி. ஒரே இடத்தில், வளைவு முடிஞ்சு நேர்லைன் ஆரம்பிக்கிற இடத்தில், ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை வண்டி கவிழ்ந்தது. சக்கரத்தைத் துடைச்சேன். எண்ணெய் விட்டேன். பெட்டியைக் கழட்டிட்டு இன்ஜினை மட்டும் ஓட்டினேன். ஒண்ணும் நடக்கலை. இன்ஜினில்தான் கோளாறுன்னு முடிவு பண்ணி மச்சானுக்கு போன் போடப் போனேன்.

அப்பதான் அப்பா விசைத்தறிச் சத்தம் தாங்கலைன்னு ஜன்னலைச் சாத்த வந்தார். அப்பா ரயில்வேயில் கேங்மேனாச் சேர்ந்து கீமேனா ரிட்டையர் ஆனவர். தண்டவாளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏலே, இது என்ன கேஜ்?"

"பதினாறரை மில்லிமீட்டர்ப்பா. நிஜத்தில் 1435."

"அப்ப மீட்டர்கேஜும் இல்ல, பிராட்கேஜும் இல்ல."

"சென்னை மெட்ரோ கேஜ்ப்பா."

ஒண்ணும் சொல்லலை. தரையில் முட்டி போட்டார். எழுபத்தாறு வயசு, மூட்டு வலி. கன்னம் தரையில் படுற மாதிரி குனிஞ்சு, ஒத்தக்கண்ணை மூடி, ஒரு தண்டவாளத்து மேலேயே பார்வையை ஓட்டினார். பத்து செகண்ட் இருக்கும். "இந்தா, இந்த ஜாயின்ட் மட்டும் உள்ள போயிருக்கு"ன்னு பெருவிரலால் அழுத்தினார். டக்குனு ஒரு சத்தம். கவர் நூல் கனத்துக்குக்கூட வராது அந்த வித்தியாசம்.

வண்டி அப்புறம் கவிழவே இல்லை.

"வண்டி சரியாத்தாம்ல இருந்துச்சு. லைனைப் பார்க்காம வண்டியைப் போட்டு ஏன் கழட்டுத?"

பையன் கேள்வி மேல கேள்வி கேட்டான். அப்பா சொன்னார். தினமும் தன் பீட் முழுக்க நடக்கணும். தோளில் ஸ்பேனர், சுத்தியல், பச்சைக்கொடி, சிவப்புக்கொடி. ஆபத்துன்னா தண்டவாளத்தில் வைக்க டெட்டனேட்டர். கழண்ட கீயை அடிச்சு ஏத்தணும், ஃபிஷ் பிளேட் போல்ட்டை முடுக்கணும். சித்திரை வெயிலில் தண்டவாளம் நீளும், மார்கழியில் சுருங்கும். மீட்டர்கேஜ் பிராட்கேஜ் ஆனப்ப பழைய லைனைப் பெயர்த்ததையும் பார்த்தவர். "நடந்து தேஞ்ச லைனு, ஒரு வாரத்தில் காணாமப் போச்சு"ன்னார்.

இதெல்லாம் எனக்கும் அன்னைக்குத்தான் தெரியும். வெட்கமாத்தான் இருக்கு சொல்ல. பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலைன்னு கேட்டா 'ரயில்வே'ன்னு மட்டும் சொல்லுவேன். அதுக்கு மேல யாரும் கேட்டா பேச்சை மாத்திடுவேன். கேட்கிறவன் மனசில் அவர் டிரைவராவோ ஸ்டேஷன் மாஸ்டராவோ இருந்துட்டுப் போகட்டும்னுதான். ஒரு நாள்கூட அவர்கூட அந்த லைனில் நான் நடந்ததில்லை.

"தாத்தா, நீங்க இருந்தப்ப வண்டி கவுந்திருக்கா?"

"என் பீட்ல இல்ல."

அவ்வளவுதான். அதைச் சொன்ன விதத்தில் பெருமை இல்லை, கணக்கு ஒப்படைக்கிற மாதிரி இருந்தது.

செட்டோட குட்டி குட்டி பொம்மை மனுஷங்களும் வந்திருந்தாங்க. தொப்பி போட்ட ஸ்டேஷன் மாஸ்டர், சூட்கேஸ் அம்மா, போட்டோ எடுக்கிறவர், ஒரு நாய்கூட. லைனைப் பார்க்கிற ஆள் மட்டும் இல்லை. ஏழாவது வித்தியாசம்னு எழுதப் போனேன். அப்புறம் யோசிச்சா, நிஜ ரயிலிலும் நாம ஜன்னல் வழியா அவரைப் பார்க்கிறதில்லையே. இது வித்தியாசத்தில் சேருமா, ஒற்றுமையில் சேருமா?

அஞ்சரை அடி ஆள் 1:87ல் ரெண்டு செ.மீ. கூட வரமாட்டார், பாதித் தீக்குச்சி. பையன் சிவகாசித் தீப்பெட்டியில் ஒரு குச்சியை எடுத்து உடைச்சு, காக்கி கலர் அடிச்சு, சிவப்புக் காகிதத்தில் கொடி ஒட்டி, அந்த ஜாயின்ட் பக்கத்தில் நட்டு வச்சிருக்கான்.

இப்பல்லாம் காலையில் காபி டம்ளரோட அப்பா ஒரு தடவை லைனைச் சுத்திக் குனிஞ்சு பார்த்து, "ம், விடு"ன்னு சொன்னாத்தான் எங்க வீட்டில் முதல் வண்டி கிளம்பும். மூட்டு வலியைப் பத்தி நான் சொன்னா கேட்கிறதா இல்லை :-)