தாய்ப்பத்திரம்

டார்வினுக்கும் கிறிஸ்தவ மதத்துக்கும் நடந்த வழக்கைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் வழக்கமாக ஆக்ஸ்போர்டில் தொடங்குவார்கள். 1860-ஆம் வருஷம் ஜூன் 30-ந் தேதி. கூட்டம் நிறைந்த மண்டபம். குரங்கோடு உறவு பாட்டன் வழியிலா பாட்டி வழியிலா என்று பிஷப் வில்பர்ஃபோர்ஸ் ஹக்ஸ்லியைக் கேலி செய்தாராம். நல்ல கதைதான். ஆனால் அது படித்தவர்கள் படித்தவர்களோடு போட்ட சண்டை. ஆதாம் இல்லை என்று ஆகிவிட்டால் பிஷப்புக்கு வாதத்தில் தோல்வி, அவ்வளவுதான். அவருடைய சாப்பாட்டுக்கோ மானத்துக்கோ ஒரு குறையும் வந்துவிடாது. உண்மையிலேயே நஷ்டப்படக் கூடியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். ஆகையால் நான் உத்திரமேரூரில் தொடங்குகிறேன்.

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் கல்வெட்டு நினைவு வரும். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், வைகுண்டப் பெருமாள் கோயிலில் வெட்டி வைத்த குடவோலைச் சட்டம். கால் வேலி இறை நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். பெருமைப்பட வேண்டிய கல்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கால் வேலியை உழுதவன் பெயர் அந்தக் குடத்தில் விழ வழியே இல்லை. 970 வருஷம் கழித்து, 1891-இல், செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர், அந்த உழவனின் நிலையைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். உத்திரமேரூர் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தது. மறு வருஷம் சேரி மக்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசப்படுவது அதுதான். அந்த உத்தரவுக்காக அரசாங்கத்தை நச்சரித்தவர்களில் செங்கல்பட்டுப் பக்கத்து மிஷனரிப் பாதிரிமார்களும் உண்டு.

என் சிறுவயதில் அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் உபதேசியார் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேரிப் புளியமரத்தடியில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு பேசுவார். பிரசங்கம் என்று சொல்வதைவிடக் குறுக்கு விசாரணை என்று சொல்லலாம்.

"ஆதாமுக்கு எத்தனை சம்சாரம்?"

"ஒண்ணுதானுங்க, ஐயா."

"ஏவாளுக்கு எத்தனை புருஷன்?"

"ஒருத்தருதானுங்க."

"அப்போ மேலத்தெருக்காரருக்கு ஒரு தாயார், உனக்கு ஒரு தாயார் எங்கேயிருந்து வந்தாங்க?"

எல்லோரும் சிரிப்பார்கள். பகலெல்லாம் மேலத்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள் சிரித்த சிரிப்பு அது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

உலகம் எத்தனை நாளில் உண்டாயிற்று என்ற கேள்வி அந்த மரத்தடியில் ஒரு நாளும் எழுந்ததில்லை. ஆதியாகமம் அவர்களுக்குப் பூகோளப் பாடம் அல்ல, தாய்ப்பத்திரம். நிலம் வாங்கி விற்கிற எவருக்கும் தெரியும்: உரிமைக்கு முதல் ஆதாரம் தாய்ப்பத்திரம்தான். நாமெல்லாம் ஒரே தகப்பனுக்கும் தாய்க்கும் பிறந்தவர்கள் என்பதற்கு அவர்களிடம் இருந்த ஒரே பத்திரம் அது. அந்தப் பத்திரம் செல்லாது என்று ஒருவர் வந்து சொன்னால் என்ன ஆகும்? விஞ்ஞானத்தையும் விசுவாசத்தையும் சமரசம் செய்து வைக்கிறேன் என்று புறப்படுகிற எவரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பத்திரத்துக்கு எதிரான சாட்சி தூரத்தில் இல்லை. 1863-ஆம் வருஷம் மே 30-ந் தேதி, பல்லாவரத்தில் சரளைக்கற்குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் இலாகா அதிகாரி ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதன் கையால் கொத்திச் செய்த ஆயுதம். இந்தியாவில் பழைய கற்காலம் என்ற ஒன்று இருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதே வருஷம் அவரும் அவருடைய சகாவும் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல ஆயுதங்களைக் கண்டார்கள். அங்கே சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் வருஷக்கணக்கில் தோண்டி, 2011-இல் வெளியிட்ட கணக்குப்படி, அடியில் கிடைத்த ஆயுதங்களுக்கு வயது ஏறக்குறைய 15 லட்சம் வருஷம். நம்மைப் போன்ற மனிதர்கள் ஆப்பிரிக்காவில் தலையெடுத்தே சுமார் 3 லட்சம் வருஷம்தான் ஆகிறது. ஆகவே அத்திரம்பாக்கத்தில் கல் கொத்தியவர்கள் நமக்கும் முந்தியவர்கள்.

இந்த ஃபூட்டின் மாமனார் யார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கியவர். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டியவர். மாமனார் கையில் ஆதியாகமம். மருமகன் கையில் ஆதிமனிதனின் கற்கோடாலி. நம் தமிழ் நாட்டில் வேதமும் விஞ்ஞானமும் முதலில் சம்பந்தம் செய்துகொண்டது ஒரே குடும்பத்துக்குள்!

வருஷக் கணக்கு பெரிய சிக்கல் இல்லை. கி.மு. 4004-இல் உலகம் பிறந்தது என்பது வேதாகமத்தில் உள்ள வாசகம் அல்ல. 17-ஆம் நூற்றாண்டில் அஷர் என்ற ஆர்ச்பிஷப் போட்ட கூட்டல் கழித்தல். ஆறு நாள் என்பதும் அப்படித்தான். சூரியன் நாலாம் நாள்தானே வருகிறது, முதல் மூன்று நாளுக்குக் காலையும் மாலையும் ஏது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகன் கேட்டுவிட்டார். இயற்கையைப் பற்றித் தெரியாமல் உளறிவிட்டு அதை வேதத்தின் பேரில் போடும் கிறிஸ்தவன், வேதத்தையே கேலிக்கு இடமாக்குகிறான் என்று புனித அகஸ்தீன் கண்டித்திருக்கிறார். அது டார்வின் பிறப்பதற்கு 1,400 வருஷம் முந்தி.

முடிச்சு ஆதாமிடத்தில்தான் இருக்கிறது. 1950-இல் பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசர், மனித உடலின் பரிணாமத்தை ஆராயலாம் என்று கதவைத் திறந்தபோதும், மனித குலத்துக்கு ஆதாம் ஒருவனே தகப்பன் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 1996-இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகம் அல்ல என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மரபணுக்களைப் படிக்கிறவர்கள், நம் முன்னோர் எந்தக் காலத்திலும் இரண்டே பேராக இருந்ததற்குச் சுவடு இல்லை, ஆயிரக்கணக்கானோர் கொண்ட கூட்டமாகவே இருந்தார்கள் என்கிறார்கள். அப்படியானால் புளியமரத்தடிப் பத்திரம் கிழிந்ததா?

கிழியவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அதே மரபணுக்காரர்கள் வேறொன்றும் சொல்கிறார்கள். உலகத்தில் எந்த இரண்டு பேரை எடுத்தாலும் அவர்களுடைய மரபணு எழுத்துக்களில் நூற்றுக்கு 99.9 பங்கு ஒன்றேதான். ஹைதராபாத் ஆராய்ச்சிக் கூடத்தின் தங்கராஜும் அவருடைய சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருங்கி வருகிறது. ஏறக்குறைய 4,200 வருஷத்திலிருந்து 1,900 வருஷத்துக்கு முன்பு வரை இந்திய மக்கள் தாராளமாகக் கலந்திருக்கிறார்கள்; வேலி கட்டி அவரவர் கூட்டத்துக்குள்ளேயே பெண் கொண்டும் கொடுத்தும் வாழத் தொடங்கியது பிற்பாடுதான். மேலத்தெருக்காரரின் இரத்தத்திலும் சேரிக்காரரின் இரத்தத்திலும் அந்தக் கலப்பு இருக்கிறது. உபதேசியார் வேறு பாஷையில் சொன்னார், சங்கதி ஒன்றுதான்.

ஆனால் விஞ்ஞானம் வந்துவிட்டது, இனி வேதம் வேண்டியதில்லை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஃபூட் சேகரித்த கற்களை 1904-இல் சென்னை அரசாங்கம் அருங்காட்சியகத்துக்காக வாங்கியபோது, அங்கே தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். சாதி சாதியாக மக்களை நிறுத்தி வைத்து மூக்கையும் மண்டையையும் அளந்து பட்டியல் போட்டவர். அதுவும் விஞ்ஞானம் என்றே அன்று பெயர் வாங்கியது. அளவுகோலுக்குத் தானாக அன்பு வராது. ஒரே இரத்தம் என்று அது நிரூபிக்கலாம். ஆகையால் பக்கத்தில் உட்கார இடம் கொடு என்று சொல்ல அதனால் முடியாது.

வேதத்துக்கும் இதே கதிதான். ஆதாமை அட்சரம் பிசகாமல் நம்பிய சபைகளிலேயே சாதிக்கு ஒரு பக்கம் என்று உட்கார்ந்தார்கள். செத்த பிறகும் சேரக்கூடாது என்று கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே சுவர் எழுப்பினவர்களும் உண்டு. ஆதாம் களிமண்ணில் செய்யப்பட்டவன் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. அந்த நம்பிக்கையால் ஒரு செங்கல்கூட விழவில்லை.

ஆகையால் ஒரு கிறிஸ்தவன் பரிணாமத்தை ஒப்புக்கொண்டால் எதை இழக்கிறான் என்று கேட்டால், ஒரு தேதியையும் ஒரு தோட்டத்தின் விலாசத்தையும் இழக்கிறான் என்பேன். அது சின்ன இழப்பு என்று சொல்லமாட்டேன். பாவம் வருவதற்கு முன்னாலேயே கோடி வருஷங்களாக மரணம் இருந்ததே, அதை யார் கணக்கில் எழுதுவது என்பது எளிய கேள்வி அல்ல. சிலுவையில் வலி தாங்கிய கடவுளை வணங்குகிறவர்கள் அதற்கு முன் மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் மௌனமாக நிற்கலாம் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் தாய்ப்பத்திரம் அவன் கையில்தான் இருக்கிறது. முன்பு ஒரு சாட்சி கையெழுத்துப் போட்டிருந்தது, இப்போது இரண்டு.

அதே பக்கத்தில் இன்று ஒரு ஆசிரியை இருக்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குப் பரிணாமப் பாடம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓய்வுநாள் பள்ளி. இரண்டிலும் உட்காருகிற பையன் ஒருவன், "டீச்சர், ரெண்டுல எது நெஜம்?" என்று கேட்டானாம். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை, மழுப்பவும் இல்லை.

"ரெண்டு புஸ்தகத்தையும் எடுத்துக்கோ. உனக்கும் உன் பக்கத்துல உக்காந்திருக்கிறவனுக்கும் என்ன உறவுன்னு ரெண்டுலயும் தேடிப் பாரு. பாத்துட்டு வந்து சொல்லு" என்றாராம்.