ஹ்யோஜூ சொல்லியிருக்க வேண்டிய கதை

நரி என்றதும் நம் நினைவில் எழுவது தந்திரம். பஞ்சதந்திரம் தொட்டுப் பாட்டி வடை சுட்ட கதை வரை, நரிக்கு நாம் வேறு தொழில் எதையும் கொடுத்ததில்லை. ஜப்பானியச் சிறார் எழுத்தாளர் நீமி நான்கிச்சியின் 'கோன் என்னும் நரி'யை வாசிக்கையில் இந்தப் பழக்கம் தடுமாறுகிறது. இங்கே நரி ஏமாற்றவில்லை, ஈடுசெய்ய முயல்கிறது.

நான்கிச்சி 1913ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று, அய்ச்சி மாவட்டத்தின் ஹந்தாவில் பிறந்தவர். தந்தை தத்தாமி பாய் முடைபவர். குழந்தையிலேயே இறந்துபோன அண்ணனின் பெயரான ஷோஹாச்சி என்பதையே இவருக்கும் இட்டார்கள். நான்கு வயதில் தாயை இழந்தார். எட்டு வயதில், தாய்வழிக் குடும்பமான நீமி வீட்டுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார். அங்கே பாட்டி முறையான ஒரு முதியவளுடன் தனித்து வாழ இயலாமல், சில மாதங்களில் தந்தையிடமே திரும்பினார். குடும்பப் பெயர் மட்டும் நீமி என்றே நிலைத்தது.

பதினெட்டு வயதில், 1931இல், அவர் எழுதிய கதை இது. தனித்து வாழும் சிறு நரி கோன் ஊருக்குள் வந்து குறும்பு செய்யும். ஒருநாள் ஹ்யோஜூ என்னும் ஏழை பிடித்துவைத்த மீன்களை ஆற்றில் எறிந்துவிட்டு, விலாங்கு மீனுடன் ஓடிவிடுகிறது. சில நாள் கழித்து ஹ்யோஜூவின் தாய் இறந்துபோகிறாள். சாகும் தறுவாயில் அவள் விலாங்கு உண்ண ஆசைப்பட்டிருப்பாள், அதைத் தான் கெடுத்துவிட்டோம் என்று கோன் தானாகவே எண்ணிக்கொள்கிறது. ஈடாக மத்தி மீன்களைத் திருடி அவன் வீட்டுக்குள் எறிகிறது. திருட்டுப் பழி ஏற்று அடி வாங்குகிறான் ஹ்யோஜூ. பிறகு காட்டில் பொறுக்கிய கஷ்கொட்டைகளையும் காளான்களையும் நாள்தோறும் கொண்டுவந்து வைக்கிறது. இதெல்லாம் தெய்வத்தின் செயல் என்கிறான் ஹ்யோஜூவின் நண்பன். ஒளிந்து கேட்ட கோனுக்கு வருத்தம்; ஆயினும் மறுநாளும் போகிறது. அன்றுதான் ஹ்யோஜூ துப்பாக்கியை எடுக்கிறான். சுட்ட பிறகே தரையில் கிடக்கும் கொட்டைகள் அவன் கண்ணில் படுகின்றன.

இக்கதைக்கு இரண்டு முடிவுகள் உண்டு. நான்கிச்சியின் கையெழுத்துப் படியில், உண்மை தெரியவந்த அக்கணத்தில் சாகக் கிடக்கும் நரி மகிழ்ச்சி அடைகிறது. சுசுகி மியேகிச்சி ஆசிரியராக இருந்த 'அகாய் தோரி' (சிவப்புப் பறவை) இதழில் 1932 ஜனவரியில் வெளிவந்த வடிவத்திலோ அந்த மகிழ்ச்சி இல்லை. கண்மூடியபடி நரி தலையை மட்டும் அசைக்கிறது.

கலை என்ற அளவில் அச்சேறிய முடிவே மேலானது என்பது நம் கருத்து. நரி மகிழ்ந்தது என்று சொல்லிவிட்டால் ஹ்யோஜூவுக்கு மன்னிப்புக் கிடைத்துவிடுகிறது; வாசகனும் எளிதாக மூச்சுவிட்டு விடுகிறான். எனினும் அந்த முதற்படியை நாம் ஒதுக்கிவிடவும் முடியாது. தன்னை ஒருவர் அறிந்துகொண்டால் போதும், உயிர் போனாலும் குற்றமில்லை என்று எண்ணிய ஒரு தாயற்ற இளைஞனின் ஏக்கம் அங்கேதான் மறைப்பின்றி இருக்கிறது.

கதையின் தொடக்கத்தில் ஒரு குறிப்பு வருகிறது: இது சிறுவயதில் மொஹே என்னும் ஊர்ப் பெரியவர் சொல்லக் கேட்டது என்கிறார் கதைசொல்லி. படிக்கும்போது இதைச் சாதாரணமாகக் கடந்துபோகிறோம். முடித்தபின் ஒரு கேள்வி எழுகிறது. கோன் இறந்துவிட்டது, அது எவரிடமும் பேசியதில்லை. அப்படியானால் இந்தக் கதை ஊருக்குத் தெரியவந்தது எப்படி? ஹ்யோஜூ சொல்லியிருக்க வேண்டும். சுட்டவனே தான் சுட்டதைச் சொல்லி, அந்த நரி என்ன நினைத்திருக்கும் என்று எண்ணி எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். கோன் கொட்டைகளைக் கொண்டு ஈடுசெய்ய முயன்றது. ஹ்யோஜூவிடம் எஞ்சியிருந்தது சொல் ஒன்றே.

நான்கிச்சி தோக்கியோவில் ஆங்கிலம் பயின்றார். காசநோயுடன் ஊர் திரும்பி, 1938 முதல் அஞ்ஜோவில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தார். வாழ்நாளில் வெளிவந்த சிறார் கதைத் தொகுப்பு 1942இன் 'தாத்தாவின் விளக்கு' ஒன்றே. 1943 மார்ச் 22 அன்று, 29 வயதில் இறந்தார். எஞ்சிய படைப்புகளை நண்பரான கவிஞர் தத்சுமி செய்கா முன்னின்று நூலாக்கினார். 1956இல் பாடநூலில் இடம்பெற்ற கோன், 1980 முதல் ஜப்பானின் நான்காம் வகுப்புப் பாடநூல்கள் அனைத்திலும் இடம்பெற்று வருகிறது.

குழந்தைகளுக்குத் துயரம் தரலாகாது என்று கதைகளின் நுனியில் நீதியைக் கட்டித் தொங்கவிடுவது, கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நமக்கு வழக்கமாகிவிட்டது. பத்து வயதுப் பிள்ளையின் கையில் ஹ்யோஜூவின் துயரத்தை அப்படியே கொடுக்கிறது இக்கதை. அதை எங்கே இறக்கிவைப்பது என்று மட்டும் சொல்லவில்லை.